130 தாண்டினாலே மாத்திரையா?

"2017-ல் பிரஷர் அளவை 140-லிருந்து 130 ஆகக் குறைத்தது மருந்துக் கம்பெனிகளின் சதி. இப்போது 130 தாண்டினாலே டாக்டர்கள் மாத்திரை எழுதிவிடுகிறார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது.

உயர் ரத்த அழுத்தம் என்று சொல்லும் அளவை (மேல் எண்) குறைத்தது உண்மை. ஆனால் அது அமெரிக்க இதயநோய் அமைப்புகளின் வழிகாட்டுதல். உலக சுகாதார நிறுவனம் 2021-லும் பொதுவாக 140/90-ஐத் தொட்டால்தான் மாத்திரை என்கிறது.

சரி, அந்த 2017 அமெரிக்க வழிகாட்டுதலாவது அப்படிச் சொன்னதா? இல்லை. 130 முதல் 139 வரை இருப்பவர்களில், ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கும், அடுத்த 10 ஆண்டுகளில் அவை வரும் அபாயம் 10 சதவீதத்தைத் தொடுபவர்களுக்கும், சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கும்தான் அது முக்கியமாக மாத்திரை சொன்னது. மற்றவர்கள் உப்பைக் குறைத்து, நடந்து, எடை குறைத்து, 3 முதல் 6 மாதத்தில் திரும்ப வர வேண்டும் என்றது. அதனால் பிரஷர் உள்ளவர்கள் என்ற கணக்கு அங்கே 32-லிருந்து 46 சதவீதமாக எகிறியபோதும், மாத்திரை தேவைப்படுவோர் சுமார் 2 சதவீதப் புள்ளிகளே கூடினர்.

அளவைக் குறைத்ததற்கு முக்கிய ஆதாரமான ஸ்பிரிண்ட் ஆய்வு அமெரிக்க அரசு நிதியில், 9,361 பேரிடம் நடந்தது. பிரஷரை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றபோது மாரடைப்பு போன்ற பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. மயக்கமும் சிறுநீரகக் கோளாறும் கூடியதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. சதிகாரர்கள் இதை எழுதிவைப்பார்களா என்ன!

அப்புறம், ஒரே ஒரு ரீடிங்கை வைத்தும் முடிவெடுக்கக் கூடாது. வெவ்வேறு நாட்களில் குறைந்தது இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்கிறது அந்த அமெரிக்க வழிகாட்டுதல்.