மேலாளரைப் பயிற்சிக்கு அனுப்பும் முன்

ஒரு பிரிவில் வேலை தேங்கிப்போனால் நிர்வாகம் முதலில் தேடுவது ஆளைத்தான். மேலாளருக்குத் தலைமைப் பண்பு போதவில்லை என்று முடிவாகிறது, இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறார்கள், திரும்பி வந்தவர் சில வாரம் எல்லோரிடமும் கனிவாகப் பேசுகிறார், பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. அடுத்து அவரை மாற்றிவிட்டு இன்னொருவரை அமர்த்துகிறார்கள்; அவரும் ஓராண்டுக்குள் அதே புகார்களுக்கு ஆளாகிறார். ஒரே பதவிக்கு அடுத்தடுத்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே விதமாகத் தோற்கும்போதாவது அந்தப் பதவி வகுக்கப்பட்ட விதத்தைச் சந்தேகிக்க வேண்டாமா? தலைமைக் குறைபாடு என்று நாம் பெயர் சூட்டுவதில் பெரும்பங்கு அமைப்பின் கோளாறுதான் என்பது என் உறுதியான கருத்து.

இதை மிகக் கறாராக முன்வைத்தவர் எலியட் ஜாக்ஸ் (1917–2003). கனடாவில் பிறந்த இந்த உளவியலாளர், லண்டனில் பேரிங்குகள் தயாரித்த கிளேசியர் மெட்டல் நிறுவனத்தில் 1948 முதல் நீண்ட காலம் ஆய்வு செய்தார். ஒரு பதவியின் கனத்தை அளக்க அவர் கண்ட அளவுகோல் எளிமையானது: அந்தப் பதவியில் ஒப்படைக்கப்படும் வேலைகளுள் மிக நீண்டது முடிய எவ்வளவு காலம் ஆகும்? கீழே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையோ பதவிப் பெயரின் ஆடம்பரமோ இங்கே கணக்கில் வராது. மூன்று மாதம் வரையிலான வேலை முதல் அடுக்கு, ஓராண்டு வரையிலானது இரண்டாவது அடுக்கு, அதன்பின் 2, 5, 10, 20 ஆண்டுகள் என்று எல்லைகள் விரிகின்றன. மிகப் பெரிய நிறுவனத்துக்கும் ஏழெட்டு அடுக்குகளுக்கு மேல் தேவையில்லை என்பது அவர் கணக்கு.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். உதவி மேலாளர், மேலாளர், முதுநிலை மேலாளர் என்று மூவர் ஒருவருக்குக் கீழ் ஒருவராக இருப்பார்கள். மூவருக்கும் காலாண்டு இலக்கைத் தாண்டிய வேலை எதுவும் இருக்காது. ஓர் அறிக்கை மூன்று மேசைகளையும் கடந்து போகும். ஒவ்வொருவரும் ஏதாவது திருத்தியாக வேண்டும் என்பதால் ஒருவர் சொல்லை மாற்றுவார், அடுத்தவர் பழைய சொல்லையே திரும்பப் போடுவார். மேலே இருப்பவருக்குத் தனக்கென்று வேறு வேலை இல்லாதபோது அவர் கீழே இருப்பவரின் வேலையைத்தான் செய்வார்; அதை நாம் நுண்மேலாண்மை என்று சொல்லி அவருடைய குணத்தைக் குறை கூறுகிறோம். இந்த அடுக்குகள் பெரும்பாலும் வேலையின் தேவையால் வந்தவையும் அல்ல. ஒருவருக்குச் சம்பளம் உயர்த்த வேண்டும், அதற்குப் பதவி உயர்வு காட்ட வேண்டும், பதவி உயர்வு என்றால் அவருக்குக் கீழே யாராவது இருக்க வேண்டும் என்று வளர்ந்தவை. சம்பள நிலையும் மேலாண்மை அடுக்கும் வெவ்வேறு என்பதை ஏற்க மறுக்கும் நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் தன் செலவில் தன் முடிவுகளைத் தாமதப்படுத்திக்கொள்கிறது.

அதிகாரத்தைப் பற்றியும் ஜாக்ஸ் தெளிவாகச் சொன்னார். தனக்குக் கீழே இருப்பவரின் வேலைக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டுமென்றால் அவரிடம் குறைந்தது நான்கு உரிமைகள் இருக்க வேண்டும்: தகுதியற்றவர் என்று தான் கருதுபவரைக் குழுவில் சேர்க்க மறுப்பது, வேலையை ஒப்படைப்பது, வேலைத்திறனைத் தானே மதிப்பிட்டு அதற்கேற்ற ஊதிய உயர்வை முடிவு செய்வது, பொருந்தாதவரைத் தன் குழுவிலிருந்து விலக்கும் நடவடிக்கையைத் தொடங்குவது. கடைசி உரிமை குழுவிலிருந்து விலக்குவதற்கு மட்டுமே. வேலையை விட்டே நீக்குவதற்கு அல்ல. இன்று பல மேலாளர்களின் கையில் இருப்பது இரண்டாவது உரிமை மட்டுமே. ஆளை மனிதவளத் துறை தேர்ந்தெடுக்கிறது, மதிப்பெண்ணை முன்கூட்டியே வகுத்த விகிதாசாரம் தீர்மானிக்கிறது, விலக்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. கணக்குக் கேட்கும்போது மட்டும் அவரைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். இப்படிப்பட்டவர் கெஞ்சியோ மிரட்டியோதான் வேலை வாங்க முடியும். இரண்டில் எதைச் செய்தாலும் அது அவருடைய தலைமைப் பாணி என்று ஆண்டு மதிப்பீட்டில் பதிவாகிவிடும்.

துறைகளுக்கு இடையே நடக்கும் சண்டைகளிலும் இதே கதைதான். நிதித் துறை ஒரு செலவை நிறுத்திவைக்கலாமா, தாமதப்படுத்தச் சொல்லலாமா, அல்லது ஆலோசனை கூறுவதோடு நின்றுவிட வேண்டுமா? தரக் கட்டுப்பாட்டு அதிகாரி உற்பத்தியை நிறுத்து என்று சொன்னால் அது கட்டளையா, கருத்தா? எழுத்தில் விடை இல்லாத இடத்தில் குரல் உயர்ந்தவர் சொல்வதே சட்டமாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது இரண்டு அகங்காரங்களின் மோதலாகத் தெரிகிறது. ஓர் ஊழியருக்கு ஒரே மேலதிகாரி என்ற கொள்கையை பிரெஞ்சு மேலாண்மைச் சிந்தனையாளர் ஆன்றி ஃபாயோல் 1916இலேயே எழுதிவிட்டார். திட்டத்துக்கு ஒரு தலைவர், துறைக்கு ஒரு தலைவர் என்ற இரட்டை அமைப்புக்கும் நியாயமான காரணங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் முன்னுரிமையை நிர்ணயிப்பது யார், மதிப்பிடுவது யார் என்று பிரித்துச் சொல்லாமல் அதைப் புகுத்துவது, ஊழியரை இரு தரப்புக்கும் தூதராக்குவதில்தான் முடிகிறது.

சரி, மேலாளர்களே வேண்டாம் என்றால்? கூகுள் 2002இல் பொறியியல் பிரிவில் அதையும் செய்து பார்த்தது. செலவுக் கணக்குகளும் தனிப்பட்ட பூசல்களும் நேராக நிறுவனர்களுள் ஒருவரான லாரி பேஜிடம் போய்ச் சேர, சில மாதங்களிலேயே மேலாளர்கள் திரும்பி வந்தார்கள். 2008இல் அதே நிறுவனம் தன் தரவுகளை ஆராய்ந்தபோது, நல்ல மேலாளரின் கீழ் இருந்த குழுக்கள் உண்மையிலேயே மேம்பட்டிருந்ததைக் கண்டது. ஒருவருக்குக் கீழே எத்தனை பேர் என்ற கேள்விக்கும் பொதுவான விடை கிடையாது. தொழில் சமூகவியலாளர் ஜோன் வுட்வர்ட் 1950களில் இங்கிலாந்தின் தென் எஸ்ஸெக்ஸ் பகுதியில் சுமார் 100 தொழிற்சாலைகளை ஆராய்ந்தபோது, பெருந்திரள் உற்பத்தி ஆலைகளில் ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழ் ஏறத்தாழ 48 பேரும், எண்ணெய் சுத்திகரிப்பு போல இடைவிடாது ஓடும் தொடர் உற்பத்தி ஆலைகளில் 15 பேரும் இருந்தார்கள். வேலையின் தன்மைதான் எண்ணிக்கையை முடிவு செய்கிறது.

ஜாக்ஸ் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. தனி மனிதரின் சிந்தனைத் திறனையும் அடுக்கடுக்காக அளந்து, அது வயதோடு எந்தப் பாதையில் வளரும் என்றும் முன்கூட்டியே கணித்துவிடலாம் என்று அவர் நம்பினார். பதவியை அளப்பது வேறு, மனிதரை அளப்பது வேறு. பின்னதை ஒரு நிறுவனத்தின் கையில் கொடுத்தால், முப்பது வயதில் ஒட்டப்பட்ட முத்திரையோடு ஒருவர் ஓய்வு பெறும்வரை உழல நேரிடும்.

அமைப்பைச் சீராக்கினால் தலைமைக்கு வேலையே இருக்காது என்றும் நான் சொல்லவில்லை. மேலாளர் தன் மேலதிகாரி எதிர்கொள்ளும் சிக்கலைத் தன் குழுவுக்கு விளக்க வேண்டும், இரண்டு வேலைகள் மோதினால் எதை விட வேண்டும் என்று சொல்ல வேண்டும், மாற்றுக் கருத்தை முடிவெடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். இவை கற்றுக்கொள்ளக்கூடியவை, உரிமையும் இடமும் உள்ளவருக்குப் பயிற்சி பயன்தரும்.

பிறகு ஏன் நிறுவனங்கள் பயிற்சியோடு நின்றுவிடுகின்றன? பயிற்சியால் யாருடைய பதவியும் போவதில்லை. தேவையற்ற ஓர் அடுக்கை நீக்குவது என்றால் பல ஆண்டு உழைத்து அந்தப் பெயரைப் பெற்றவரிடம் அது இனி இல்லை என்று சொல்ல வேண்டும். அந்தச் சங்கடத்துக்கு எந்த நிர்வாகமும் எளிதில் துணிவதில்லை. ஆகவே புதிய அமைப்பு வரைபடத்தை வெளியிடுவதற்கு முன்பாக, அடுக்கு நீக்கப்படுவதால் யாருடைய சம்பளமும் குறையாது என்றும், நிபுணராகத் தொடர்பவர் ஆட்களை நிர்வகிக்காமலேயே மேலாளருக்கு இணையான ஊதியத்தை எட்டலாம் என்றும் எழுத்தில் உறுதியளித்தாக வேண்டும். அந்த உறுதி இல்லாவிட்டால், நீக்கப்பட்ட அடுக்கு அடுத்த ஆண்டு வேறொரு பெயரில் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும்.