பெயர் வரவில்லை என்றால் விடுதலை என்று பொருளல்ல

"அமெரிக்காவில் கைதானவரின் பெயரை மத்திய சிறைத்துறைத் தளத்தில் தேடுங்கள், வராவிட்டால் விட்டுவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. 1982 முதலான மத்தியச் சிறைக் கைதிகள் மட்டுமே அதில் உண்டு. புதிதாகக் கைதானவர் பெரும்பாலும் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) சிறையில் இருப்பார். அந்தக் கவுண்டியின் ஷெரிஃப் (காவல் தலைவர்) அலுவலகத் தளத்தில் தேடுங்கள். பெயர் ஏறச் சில மணி நேரம் ஆகலாம்.

நம் பெயர்களில்தான் பெரிய சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (FNU, 'முதல் பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழும். அப்படியும் தேடுங்கள், அப்பா பெயரைப் போட்டும் பாருங்கள். கிடைக்காவிட்டால் சிறைக்கே போன் செய்து பிறந்த தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த மெசேஜை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அதை நம்பி ஒரு குடும்பம் தேடுவதையே நிறுத்திவிடக்கூடும்.