பணத்துக்கு முதலில் தேதி எழுதுங்கள்

"பங்குச் சந்தை இப்போது எப்படி இருக்கிறது? பணம் போடலாமா?" என்று இந்த வாரத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரிடமும் நான் திருப்பிக் கேட்டேன்: அந்தப் பணம் உங்களுக்கு எந்த வருடம், எந்த மாதம் வேண்டும்? ஒருவரிடமும் பதில் இல்லை. எதில் போடுவது, எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு மணி நேரம் பேசத் தயாராக இருந்தவர்கள், எப்போது வேண்டும் என்றதும் அமைதியாகிவிட்டார்கள்.

இந்தக் கேள்வியை நான் என் அக்காவின் பணத்தில் கற்றுக்கொண்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வீடு வாங்குவதற்காக ஆறு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தாள் அக்கா. 2020 மார்ச் கடைசியில் பத்திரப் பதிவு. பிப்ரவரித் தொடக்கத்தில் நான்தான் சொன்னேன்: "இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, வைப்புத் தொகையில் என்ன கிடைக்கும்? பங்குகளில் போட்டு வை. சந்தை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது." என்னை நம்பிப் போட்டாள். பிப்ரவரி 19 அன்று உச்சத்தில் இருந்த அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு (அங்குள்ள சுமார் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் அளவு), மார்ச் 23க்குள் 34 சதவீதம் விழுந்தது. உலகச் சந்தைகள் எல்லாம் கூடவே விழுந்தன. கெடு நெருங்கியபோது விற்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை. சேர்த்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வீடும் கை நழுவியது.

அதே குறியீடு ஆகஸ்ட் 18 அன்று பழைய உச்சத்தைத் தாண்டியது. ஏதோ ஆறுதல் சொல்வதாக நினைத்து அக்காவிடம் அதைச் சொன்னேன். "சந்தை திரும்பி வந்துவிட்டதப்பா. நான் கையெழுத்துப் போட வேண்டிய நாள் திரும்பி வருமா?" என்று கேட்டாள். கோபமே இல்லாமல்தான் கேட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"பொறுமையாக இருந்தால் சந்தை கைவிடாது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொறுமை என்பது குணம் மட்டும்தானா? நாளைக்கே பணம் கட்ட வேண்டியவள் எத்தனை பொறுமைசாலியாக இருந்து என்ன பயன்? காத்திருக்க முடிகிற பணத்துக்குத்தான் பொறுமை உதவும். 34 சதவீதம் விழுந்த பணம் பழைய இடத்துக்கு வர ஏறத்தாழ 52 சதவீதம் ஏற வேண்டும். அது ஐந்து மாதத்தில் நடந்தது அந்த முறை. ஆனால் ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915 புள்ளிகளில் முடிந்தது. 2009இல் 7,000 சொச்சத்துக்கு இறங்கியது. பழைய உச்சத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். 34 வருடம்! இடையில் நிறுவனங்கள் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குக் கொடுத்த ஈவுத்தொகையைச் சேர்த்தால் காலம் கொஞ்சம் குறையும். ஆனாலும் 1989இல் ஐம்பது வயதில், ஓய்வுக் காலத்துக்காக மொத்தமாக அங்கே போட்டவரை நினைத்துப் பாருங்கள். நீண்ட காலம் என்ற சொல்லை நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! ஒரே நாட்டுச் சந்தையில், ஒரே நேரத்தில், மொத்தப் பணத்தையும் கொட்டாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஓய்வுக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பலர் தவறவிடும் இடம் இது. இரண்டு பேரிடம் ஆளுக்கு 100 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருட முடிவிலும் இருவரும் செலவுக்கு 10 ரூபாய் எடுக்கிறார்கள். முதலாமவருக்கு முதல் வருடம் 40 சதவீத இறக்கம், அடுத்த வருடம் 50 சதவீத ஏற்றம். 100 என்பது 60 ஆகி, 10 எடுத்ததும் 50. அது 75 ஆகி, மறுபடி எடுத்ததும் 65. இரண்டாமவருக்கு அதே ஏற்ற இறக்கம், வரிசை மட்டும் மாறி வருகிறது. 150, எடுத்ததும் 140; அது 84 ஆகி, எடுத்ததும் 74. பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால் இருவருக்குமே 90தான் இருந்திருக்கும். எடுத்துச் செலவழிப்பவருக்குத்தான் வரிசை முக்கியமாகிறது. ஓய்வு பெற்ற முதல் சில வருடங்களில் சந்தை சரிந்தால் அந்தக் காயம் ஆறுவது கடினம். ஆகவே அந்தச் சில வருடங்களின் செலவுப் பணம் சந்தைக்கு வெளியே இருக்க வேண்டும். சம்பாதிக்கத் தொடங்கியிருக்கும் இளைஞருக்கோ இதுவே தலைகீழ். மாதாமாதம் போடுகிறவருக்குச் சரிவு என்பது குறைந்த விலையில் வாங்கக் கிடைக்கும் வாய்ப்பு.

பணத்துக்கு அது தேவைப்படும் தேதியை எழுதுவது பயந்தவர்களின் வேலை என்று நினைக்க வேண்டாம். இருபத்தைந்து வருடம் கழித்துத் தேவைப்படும் பணத்தை முழுக்க வைப்புத் தொகையில் பூட்டி வைப்பதும் தவறுதான். பணவீக்கம் வருடத்துக்கு 6 சதவீதம் என்றால் 12 வருடத்தில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். கணக்குப் புத்தகத்தில் தொகை குறையாது, அதனால் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

பணத்தை நிர்வகிக்க வாங்கும் கட்டணத்தையும் பாருங்கள். 7 சதவீதத்தில் 30 வருடம் வளர்ந்த பணம் 7.6 மடங்காகும், வருடம் 1 சதவீதத்தைக் கட்டணமாகக் கொடுத்து 6 சதவீதத்தில் வளர்ந்தால் 5.7 மடங்குதான். அதிக வட்டிக் கடன் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். அதற்கு மேல் இதில் விவாதமே தேவையில்லை.

சந்தையின் போக்கைக் கணித்துச் சொல்கிறவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. 2020 மார்ச் மூன்றாம் வாரத்தில் "இன்னும் பெரிய சரிவு வரும், எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள்" என்று சொன்னவர்களை நானே கேட்டேன். அடுத்த சில நாட்களில் சந்தை திரும்பியது. அவர்களை நம்பி விற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது? அக்காவைப் போட வைத்த நானும் அன்று ஒரு கணிப்பைத்தான் சொன்னேன் என்பதை மறக்கவில்லை.

இப்போது அக்காவிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. இடப்பக்கம் தேதி, நடுவில் எதற்காக, கடைசியில்தான் தொகை. ஆறு மாத வீட்டுச் செலவு என்ற வரியில் தேதிக்குப் பதில் "எப்போது வேண்டுமானாலும்" என்று எழுதியிருக்கிறாள். அது வங்கியிலேயே இருக்கிறது. மூன்று வருடத்துக்குள் வரும் தேதிகளுக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு புள்ளி. புள்ளி வைத்த வரியின் பணத்தைப் பங்குகளிலிருந்து மூன்று தவணைகளில் வெளியே எடுத்துவிடுகிறாள்.

போன மாதம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கான இரண்டாம் தவணையை எடுத்தாள். மறு வாரமே சந்தை நன்றாக ஏறியது. மனம் கேட்காமல் அவளைத் தொலைபேசியில் அழைத்தேன். "அடுத்த வருடம் ஜூனில் கட்ட வேண்டிய பணம் அது. ஏறட்டும், நோட்டில் கீழே இருக்கிற வரிகளுக்கு நல்லதுதானே?" என்று சொல்லிவிட்டு, மகள் எந்தப் பாடத்தை எடுக்கப்போகிறாள் என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.