டூலாலி என்பது மருத்துவமனையின் பெயர் அல்ல

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கிறுக்குப் பிடித்தவரைச் சொல்லும் 'டூலாலி' என்ற சொல், மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் இருந்த மனநல மருத்துவமனையால் வந்தது என்று சொல்லப்படுவதுண்டு. ஊர் சரி, காரணம் தவறு.

நாசிக்கை ஒட்டிய தேவ்லாலியில் 1861-இல் அமைந்தது பிரிட்டிஷ் ராணுவத்தின் இடைத்தங்கல் முகாம். புதிதாக வந்த சிப்பாய்களும், பணிக்காலம் முடிந்து ஊர் திரும்ப வேண்டியவர்களும் அங்கே தங்கினார்கள். சிக்கல் இரண்டாவது கூட்டத்துக்குத்தான். துருப்புக் கப்பல்கள் குளிர்காலத்தை ஒட்டித்தான் ஓடும். கடைசிக் கப்பல் போன பிறகு பணி முடிந்தவன் அடுத்த பருவம் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். செய்ய வேலை இல்லை, கொளுத்தும் வெயில், கையில் காசு இருந்தால் குடி, போதாக்குறைக்கு மலேரியா. நல்லபடியாகப் பணியாற்றியவர்களே அங்கே நிலைகுலைந்து தாறுமாறாக நடந்துகொண்டார்கள். மனநோயாளிகளைக் கொண்டுபோய் அடைத்த இடமாக அதைச் சொல்வது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பழைய வடிவம் 'டூலாலி டேப்'. அந்த 'டேப்' தலையில் தட்டுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்பதும் தவறு. இந்தி, உருதுவில் வெப்பத்தையும் காய்ச்சலையும் குறிக்கும் சொல் அது. நம் 'தாபம்' இருக்கிறதே, அதே வேர்தான். ஆக, 'தேவ்லாலிக் காய்ச்சல்'. நாளடைவில் 'டேப்' உதிர்ந்து ஊர்ப்பெயர் மட்டும் நின்றது.

அப்புறம், இன்று அது மருத்துவச் சொல்லும் அல்ல. 'அவர் டூலாலி ஆகிவிட்டார்' என்றால் பெரும்பாலும் புத்தி கொஞ்சம் பிசகியிருக்கிறது என்ற பேச்சு வழக்குதான்.