தீப்பிடிப்பதற்கு ஓராண்டு முன்பு

ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் என்றதும் எல்லோரும் பகிர்வது 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் அது எரிந்து விழும் படத்தைத்தான். 36 உயிர்கள் போன விபத்து, மறக்கக் கூடாதுதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அந்த ஆகாயக் கப்பல் செய்த வேலையை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

1936 மார்ச் 7 அன்று ஜெர்மனியின் மேற்குப் பகுதியான ரைன்லாந்தில் படை இருக்கக் கூடாது என்ற ஒப்பந்தங்களை மீறி அங்கே படையை அனுப்பினார் ஹிட்லர். அதை மக்கள் ஏற்கிறார்கள் என்று காட்ட 29ஆம் தேதி வாக்கெடுப்பு. அதற்கு ஓட்டுக் கேட்கத்தான் ஹிண்டன்பர்க்கை இறக்கினார்கள். 245 மீட்டர் நீளம், வாலில் ஸ்வஸ்திகா. கூடவே கிராஃப் செப்பலின் என்ற இன்னொரு ஆகாயக் கப்பல். இரண்டும் நாள்கணக்கில் ஜெர்மனியைச் சுற்றி நோட்டீஸ்களைக் கொட்டின. ஒலிபெருக்கியில் ராணுவ இசையும் முழக்கமும். பிடிக்காதவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாலும் கூரைக்கு மேல் அந்தச் சத்தம் வந்து நிற்கும்.

கிளம்பும்போதே கோளாறு. காற்று சரியில்லாத நேரத்தில் கேப்டன் லேமன் கப்பலைக் கிளப்ப, கீழ்வால் தரையில் இடித்து உடைந்தது. சோதனைகளே முடியாத கப்பலைப் பிரச்சாரத்துக்காக இப்படியா ஆபத்தில் தள்ளுவது என்று இந்தக் கப்பல்களைக் கட்டிய செப்பலின் நிறுவனத்தின் ஹியூகோ எக்கனர் கொதித்துப்போனார். அவர் பெயரே பத்திரிகைகளில் வரக் கூடாது என்று உத்தரவு போட்டார் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ். வாலை ஒட்டுப்போட்டு அன்றைக்கே பறக்கவிட்டார்கள். அடுத்து தென் அமெரிக்கா போய்த் திரும்பும் வழியில் எஞ்சின்கள் பழுதாயின. எக்கனர் பயந்தது நடந்தது.

இந்த எக்கனர்தான் 1933இல் கிராஃப் செப்பலினைச் சிகாகோவுக்கு ஓட்டிப்போனவர். வாலின் இடப்பக்கத்து ஸ்வஸ்திகா ஊர்க்காரர்கள் கண்ணில் படாதபடி வலமாகவே வட்டமடித்தார். அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, அந்த வாக்கெடுப்புக்கு வருவோம். கப்பலுக்குள்ளேயே வாக்குச்சாவடி வைத்தார்கள். சீட்டில் இருந்தது ஒரே ஒரு வட்டம். ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமே கிடையாது. யூதர்களுக்கு ஓட்டே இல்லை. ஆதரவு 98.8 சதவீதம் என்று அறிவித்தார்கள். முடிவு இப்படி ஏற்கெனவே கையில் இருக்கும்போது வானத்தில் எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? மனசுக்குள் தயங்கியவர்கள் ‘ஊரே அவர்கள் பக்கம், நான் மட்டும்தான் தனி’ என்று நினைக்க வேண்டும், அதற்குத்தான் என்பேன்.

இனி மே 6 வந்தால் எரியும் படத்தோடு இந்த மார்ச் மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள்.