பேங்க்ஸி பெயரில் விற்கும் பொம்மைகள்

பேங்க்ஸி என்பது யாரென்று வெளியே சொல்லாத பிரிட்டன் தெருச்சுவர் ஓவியரின் புனைபெயர். பூங்கொத்து வீசும் இளைஞன் பொம்மையை 'பேங்க்ஸி வெளியிட்ட சிலை' என்று உங்கள் கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. மூல ஓவியம் அவர் 2003-இல் பெத்லகேம் பக்கத்தில் பெய்த் சாஹூர் ஊரில் ஒரு சுவரில் வரைந்தது. பொம்மையைச் செய்து விற்பது ஜப்பானின் மெடிகாம் டாய் நிறுவனம்.

இதையெல்லாம் பேங்க்ஸியால் தடுக்க முடியாமல் போனது எப்படி என்பதுதான் சுவாரசியம். தான் யாரென்று சொல்லாமல், முகம் காட்டாத மனிதர் பதிப்புரிமை வழக்குப் போட முடியுமா? அதனால் ஓவியத்தை வணிக முத்திரையாகப் பதிந்து பார்த்தார். ஒரு வாழ்த்து அட்டை நிறுவனம் எதிர்த்தது. 2019-இல் லண்டன் குரோய்டனில் அவசரமாக ஒரு கடை போட்டார், அதுவே வினையாகிவிட்டது. முத்திரையைக் காப்பாற்றத்தான் கடை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட, முத்திரையை வைத்து வியாபாரம் செய்யும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை என்று 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகம் பதிவை ரத்து செய்தது.

அதற்காக வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். என் அலமாரியிலும் ஒன்று நிற்கிறது. உடல் முழுக்கக் கறுப்பு வெள்ளை, பூக்களில் மட்டும் நிறம். சுவரில் இல்லாத முதுகுப் பக்கத்தைச் சிற்பி கற்பனையில் செய்திருக்கிறார். சட்டை மடிப்பு வரை பிரமாதம்! ஆனால் 'முதலீடு' என்று நம்பிக் கடன் அட்டையைத் தேய்க்காதீர்கள். பேங்க்ஸியின் படைப்புகளுக்குச் சான்றிதழ் தருவது பெஸ்ட் கண்ட்ரோல் என்ற அமைப்பு மட்டும்தான். இந்தப் பொம்மைகளுக்கு அது கிடைக்காது.