கறை இருக்கட்டும்

காலமானவர்களின் உடுப்புகளை ஒட்டுப்போர்வையாகத் தைத்து வைத்துக்கொள்ளலாம் என்கிற கட்டுரை மனதைத் தொட்டது. ஆனால் கறை படிந்த, நைந்த துணிகளை ஒதுக்கிவிடச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாமே. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் ஊரில், மிசூரி பெட்வே என்ற பெண்மணி 1942-இல், மறைந்த தன் கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். கணவர் நினைவாக அதைப் போர்த்திப் படுக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பெண்மணியின் ஆசை. வெளுத்த நீலமும் கறையும் அதில் அப்படியே தெரியும். உழைத்த மனிதர் அங்கேதானே இருக்கிறார்!

எங்கள் அப்பாவின் சட்டைப் பையில் பேனா மை ஊறிய இடத்தைத்தான் நான் போர்வையின் நடுவில் வைத்தேன். அம்மாவின் கை முதலில் போவது அங்கேதான்.

தைக்கப் போகிறவர்களுக்கு: பனியன் துணி இழுபடும், அதனால் பின்பக்கம் ஒட்டுகிற கேன்வாஸை (சூடுபட்டால் ஒட்டிக்கொள்ளும் விறைப்புத் துணி) இஸ்திரி போட்டு ஒட்டிய பிறகு வெட்டுங்கள். நைந்த புடவைக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணி கொடுங்கள். அப்புறம், புதுத்துணி சேர்ப்பதானால் முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் அது மட்டும் சுருங்கி ஒட்டுகளை இழுக்கும்.